கையேட்டில் இல்லாத வாசகர்

மூன்று மாதமாக ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரே ஒரு புத்தகத்தைத்தான் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஒரு தொழிற்சாலை ரோபாட்டின் கன்ட்ரோலருக்கான பராமரிப்புக் கையேடு. நானூறு பக்கத்துக்கு மேல் இருக்கும். கதை கிடையாது, ஆசிரியர் பெயர் கிடையாது. ஆனால் இந்த வருடம் நான் இவ்வளவு கவனமாகப் படித்த புத்தகம் வேறு எதுவும் இல்லை. அதனால் புத்தக விமர்சனம் எழுதுகிற மாதிரியே இதைப் பற்றியும் எழுதிவிடலாம் என்று தோன்றியது.

கல்வெட்டு, பழைய நிலப் பத்திரம் பற்றியெல்லாம் இங்கே எழுதும்போது நான் முதலில் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. இதை எழுதியவர், யார் படிப்பார் என்று நினைத்து எழுதினார்? ஒரு பத்திரம் "கிழக்கே இன்னார் தோட்டம்" என்று சொல்லி நிறுத்திக்கொள்ளும். இன்னார் யார் என்று அன்றைக்கு ஊருக்கே தெரியும். நூறு வருடம் கழித்து வருகிற நமக்குத்தான் தெரியாது. எழுதியவர் மேல் தப்பில்லை, நாம் அவர் நினைத்த வாசகர் இல்லை, அவ்வளவுதான்.

ரோபாட் கையேட்டுக்கும் இந்தக் கேள்வி பொருந்தும். ஆனால் இங்கே ஒரு வித்தியாசம். பத்திரத்தைத் தப்பாகப் படித்தால் கட்டுரைதான் தப்பாகும். கையேட்டைத் தப்பாகப் படித்தால் ஆள் போய்விடும்.

கன்ட்ரோலர் வந்த கதை

கோயம்புத்தூரில் என் கல்லூரி நண்பன் ஒருவன் பட்டறை வைத்திருக்கிறான். பம்ப் உதிரிபாகங்களுக்கு லேத் வேலை. லேத்தில் காஸ்டிங்கை எடுத்து வைக்கவும், முடிந்ததும் எடுக்கவும் ஒரு ரோபாட் இருந்தால் நல்லது என்று ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தான். புதிதாக வாங்கக் கட்டுப்படியாகாது. வெளிநாட்டில் ஏதோ ஒரு ஆலையில் வெல்டிங் லைன் ஒன்றைக் கலைத்தபோது வந்த ரோபாட் ஒன்றை, இரும்பு விலையை விடக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்து வாங்கிவிட்டான். ஆறு அச்சுள்ள கை, ஒரு கன்ட்ரோலர் பெட்டி, ஒரு டீச் பென்டன்ட். எந்த நிறுவனத்தின் தயாரிப்பு என்பது இங்கே முக்கியமில்லை. இதற்காக வேறு நான்கைந்து நிறுவனங்களின் கையேடுகளையும் புரட்டிப் பார்த்துவிட்டேன். நான் சொல்லப்போகும் குணம் எல்லாவற்றிலும் இருக்கிறது.

"மாப்ள, இதுவும் கம்ப்யூட்டர்தானடா. நீ வந்து பாரு" என்று கூப்பிட்டான். சாஃப்ட்வேர் ஆளுக்கு த்ரீ பேஸ் மின்சாரம் எந்தப் பக்கம் போகிறது என்று தெரியாது என்பதை அவன் நம்பவே இல்லை. கூட, அவன் பட்டறைக்கு இருபது வருடமாக வரும் எலக்ட்ரீஷியன் அண்ணன் ஒருவர். அறுபதைத் தாண்டியவர். எங்கள் மூன்று பேரில் உண்மையான என்ஜினியர் அவர்தான் என்பது பிறகு தெரிந்தது.

பெட்டியைத் திறந்தோம். வெளியே போகிற ஒயர்களையெல்லாம் வெட்டி எடுத்திருந்தார்கள். ஒரு சாண் நீளத்துக்கு வால்கள் மட்டும் தொங்கின. பெயர்ச்சீட்டு எதுவும் இல்லை.

முதலில் பாராட்டு

மின்சாரம் கொடுக்கும் அத்தியாயத்தைக் குறை சொல்லவே முடியாது. ஜப்பானில் தொழிற்சாலைகளுக்கு வரும் த்ரீ பேஸ் 200 வோல்ட், நம்மூரில் 415. எந்த வோல்ட்டேஜ் வந்தால் டிரான்ஸ்ஃபார்மரின் எந்த முனையில் இணைக்க வேண்டும், எவ்வளவு கனமான ஒயர், எர்த் எங்கே, ஃபியூஸ் எத்தனை ஆம்பியர் எல்லாம் அட்டவணையில் இருக்கிறது. ஒவ்வொரு கனெக்டருக்கும் படம், ஒவ்வொரு பின்னுக்கும் பெயர். நான் வேலை செய்யும் துறையில் எழுதப்படும் ஆவணங்களில் பாதிகூட இவ்வளவு ஒழுங்காக இருக்காது.

எச்சரிக்கையும் அங்கே சரியாக இருக்கிறது. மெயினை அணைத்த பிறகும் சர்வோ ஆம்ப்ளிஃபையருக்குள் இருக்கும் கெப்பாசிட்டர்களில் மின்சாரம் தங்கியிருக்கும், இத்தனை நிமிடம் காத்திருந்து மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுத் தொடு என்கிறது. த்ரீ பேஸ் 200 வோல்ட்டை நேர்மின்சாரமாக மாற்றினால் சுமார் 280 வோல்ட் வரும். அது தொட்டால் விடாது. இந்த வாக்கியத்தில் காரணமும் செயலும் சேர்ந்தே இருப்பதால் மறக்கவில்லை. பெட்டி பக்கம் போகும்போதெல்லாம் கை தானாகவே மீட்டரைத் தேடியது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், காரணத்தோடு எழுத இவர்களுக்குத் தெரியும். தெரிந்தே வேறு இடங்களில் எழுதாமல் விட்டிருக்கிறார்கள்.

நிமிட முள் மட்டும் உள்ள கடிகாரம்

முதல் தடவை ஆன் செய்ததும், கை தன் நிலையை மறந்துவிட்டது என்ற பொருளில் ஒரு அலாரம். மோட்டாரின் பின்னால் என்கோடர் இருக்கிறது. ஒரு சுற்றுக்குள் அச்சு எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று அதற்குத் தெரியும். ஆனால் தோள் ஒரு முறை திரும்ப மோட்டார் எத்தனையோ சுற்று சுற்ற வேண்டும். எத்தனையாவது சுற்று என்ற கணக்கை, மின்சாரம் இல்லாத நேரத்திலும் ஒரு பேட்டரி காப்பாற்றி வைக்கும். பேட்டரி செத்தால் கணக்கு போச்சு. நிமிட முள் மட்டும் உள்ள கடிகாரம் மாதிரி. பதினைந்து நிமிடம் என்று தெரியும், எத்தனை மணி என்று தெரியாது.

கையேடு சொல்கிறது: "கன்ட்ரோலர் ஆன் நிலையில் இருக்கும்போது பேட்டரி மாற்றப்பட வேண்டும்." அதோடு சரி. எலக்ட்ரீஷியன் அண்ணன் இதைக் கேட்டதும் முகம் சுளித்தார். நாற்பது வருடமாக எதைக் கழற்றுவதற்கு முன்பும் மெயினை அணைத்துப் பழகிய கை அது. நியாயமான பழக்கம். ஆனால் இங்கே மெயினை அணைத்துவிட்டுப் பேட்டரியைக் கழற்றினால், என்கோடருக்கு அந்த நேரத்தில் இரண்டு பக்கமும் மின்சாரம் இருக்காது. கணக்கு அழிந்துவிடும். ஆன் நிலையில் இருந்தால் கன்ட்ரோலரே என்கோடருக்கு மின்சாரம் கொடுக்கும், அந்த இடைவெளியில் பேட்டரியை மாற்றிக்கொள்ளலாம். இந்த இரண்டு வாக்கியத்தைச் சேர்த்திருந்தால் போதும். காரணம் தெரியாதபோது ஒழுங்கான தொழிலாளியின் நல்ல பழக்கமே அவரை விதியை மீற வைக்கும். எங்களுக்கு ஏற்கெனவே அழிந்துவிட்டதால் இழக்க எதுவும் இல்லை. ஆனால் அடுத்த முறை மாற்றும்போது இருக்கும்.

மாஸ்டரிங் என்ற வேலையைச் செய்தோம். ஒவ்வொரு மூட்டிலும் வெட்டியிருக்கும் குறிகள் நேருக்கு நேர் வரும்படி நிறுத்தி, இதுதான் பூஜ்யம் என்று சொல்லிக்கொடுப்பது. கண்ணால் பார்த்துச் செய்வதில் மில்லிமீட்டர் சுத்தம் வராது. முழுத் துல்லியம் வேண்டுமென்றால் தொழிற்சாலையில் அளந்த எண்கள் வேண்டும். ஏபிபி போன்ற சில நிறுவனங்கள் அந்த எண்களை லேபிளாக ரோபாட்டின் மேலேயே ஒட்டி அனுப்புகின்றன. அது நல்ல ஏற்பாடு, எத்தனை கை மாறினாலும் எண் கூடவே போகும். எங்கள் இயந்திரத்துக்கு அந்தத் தாள் தனியாக வந்திருக்க வேண்டும். எங்கே போனதோ. கையேட்டைக் கேட்டால், "சேவை மையத்தைத் தொடர்புகொள்ளவும்" என்றது. இந்த வாக்கியம் புத்தகத்தில் எத்தனை முறை வருகிறது என்று எண்ணத் தொடங்கி, நாற்பதில் விட்டுவிட்டேன்.

நிரல்களுக்கு வேறொரு பேட்டரி, கன்ட்ரோலர் பலகையில். அது உயிரோடு இருந்தது. அதாவது கை தன் நிலையை மறந்திருந்தது, ஆனால் பழைய ஆலையில் செய்த வேலையை மறக்கவில்லை. இதன் அர்த்தம் அன்றைக்கு எங்களுக்கு உறைக்கவில்லை.

இல்லாத வேலி திறந்திருந்தது

அடுத்த அலாரம்: பாதுகாப்பு வேலி திறந்திருக்கிறது.

"வேலியே இல்லையேடா, அது எப்படித் திறந்திருக்கும்?" என்றான் நண்பன்.

நல்ல கேள்வி. தொழிற்சாலையில் ரோபாட்டைச் சுற்றி வேலி, வேலிக்கு ஒரு கதவு, கதவில் ஒரு சுவிட்ச். கதவு திறந்தால் சுவிட்ச் துண்டிக்கும், சர்வோ மின்சாரம் போய்விடும், கை நிற்கும். அந்த ஒயர்களைத்தான் வெட்டி அனுப்பியிருந்தார்கள். கன்ட்ரோலரைப் பொறுத்தவரை கதவு நிரந்தரமாகத் திறந்திருக்கிறது. தயாரிப்பாளரிடமிருந்து புதிதாக வரும் பெட்டியில் இந்த டெர்மினல்களில் ஜம்பர், அதாவது ஒரு சின்ன ஒயர்த் துண்டு, போட்டு வருவது வழக்கம். வேலி இணைக்கும்போது ஜம்பரை எடுத்துவிட வேண்டும் என்று கையேடு சொல்கிறது.

நான் என்ன செய்தேன்? எந்த சாஃப்ட்வேர் ஆளும் செய்வதைச் செய்தேன். ஒரு நிபந்தனை குறுக்கே நிற்கிறது, அதை எப்போதும் உண்மை என்று ஆக்கிவிட்டு மேலே போவோம், பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஜம்பர் போடச் சொன்னேன். ஒன்று போட்டோம். இப்போது வேறு அலாரம். இரண்டு சங்கிலியும் ஒத்துப்போகவில்லையாம். ரீசெட் பொத்தானை எத்தனை தடவை அழுத்தினாலும் போகவில்லை. கையேட்டில் அந்த அலாரத்துக்கு எதிரே தீர்வு: இந்தப் பலகையை மாற்றவும், சரியாகவில்லையென்றால் அந்தப் பலகையை மாற்றவும். ஒரு பலகையின் விலையைக் கேட்டால் நண்பன் ரோபாட்டையே திருப்பிக் கொடுத்திருப்பான்.

எலக்ட்ரீஷியன் அண்ணன் வரைபடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. கோடுகளை மட்டும் விரலால் தொடர்ந்துகொண்டு போனார்.

"தம்பி, இது ரெண்டு லைனுங்க. எங்கய்யன் கிணறு வெட்டப் போனவரு. உள்ள எறங்கறப்ப ரெண்டு கவுறு கட்டுவாங்க. ஒண்ணு அந்துபோனாலும் இன்னொண்ணு தாங்கோணும். ஆனா ஒண்ணு அந்தது தெரியாமயே எறங்கிட்டிருந்தா அது ஒத்தக் கவுறுதானுங்களே? அதனால ஒவ்வொரு தடவையும் ரெண்டையும் இழுத்துப் பாத்துட்டுத்தான் எறங்குவாங்க. இந்தப் பொட்டியும் அதத்தான் பண்ணுது."

நானூறு பக்கத்தில் இல்லாத விளக்கம் இது. கதவு சுவிட்சில் இரண்டு தொடர்பு, இரண்டு தனித்தனி ஒயர்வழி, இரண்டு ரிலே. ஒரு ரிலேயின் முனை உருகி ஒட்டிக்கொண்டாலும் மற்றது கையை நிறுத்தும். ஒரு வழி மூடியும் மற்றது திறந்தும் இருந்தால், ஏதோ ஒன்று கெட்டுவிட்டது என்று பொருள். அதனால் கன்ட்ரோலர் பிடிவாதமாக நின்றுவிடும், வெறும் ரீசெட்டுக்கு அடங்காது. ஐஎஸ்ஓ 13849 தரவிதியில் மூன்றாம் வகை என்று சொல்வது இதைத்தான்: எந்த ஒரு தனிப் பழுதும் பாதுகாப்பை இல்லாமல் செய்துவிடக் கூடாது. ஒரு கயிற்றில் மட்டும் ஜம்பர் போட்ட நாங்கள், அறுந்த கயிறு ஒன்றைச் செயற்கையாக உருவாக்கியிருந்தோம். பலகை எதுவும் கெடவில்லை.

இரண்டிலும் போட்டோம். "ஓட்டிப் பாக்கற வரைக்குந்தானுங்க. அப்புறம் வேலி கட்டியே ஆகோணும்" என்றார் அண்ணன். ஆமாம், தற்காலிகமாகத்தான் என்றேன். என் தொழிலில் தற்காலிகம் என்று எழுதிவைத்த வரிகள் பத்து வருடம் ஓடுவதைப் பார்த்தவன் நான். அதையாவது நினைத்திருக்கலாம்.

ஒரு முழம்

அன்றைக்கு மதியம் டீச் முறையில் கையை ஒவ்வொரு மூட்டாக அசைத்தோம். பென்டன்டின் பின்னால் டெட்மேன் சுவிட்ச் இருக்கும். நடுவாந்திரமாக அழுத்திப் பிடித்திருந்தால்தான் கை அசையும். விட்டாலும் நிற்கும், பயந்துபோய் இறுக்கிப் பிடித்தாலும் நிற்கும். வேகமும் நொடிக்கு 250 மில்லிமீட்டரைத் தாண்டாது. அழகாக அசைந்தது. படம் எடுத்துக்கொண்டோம்.

பிறகு நான் சாவியை ஆட்டோவுக்குத் திருப்பினேன். திரையில் ஏதோ ஒரு பழைய நிரலின் பெயர். வெல்டிங் மெஷின் இணைப்பில் இல்லை, அதனால் அலாரம் அடித்து நின்றுவிடும், அது என்ன அலாரம் என்று பார்ப்போம் என்று நினைத்து ஸ்டார்ட்டை அழுத்தினேன்.

நிற்கவில்லை. எந்த நாட்டிலோ, எந்த வண்டியின் எந்தப் பகுதியோ இருந்த இடத்தை நோக்கி அந்தக் கை போனது. அந்த இடத்தில், எங்கள் பட்டறையில், ஒயர்த் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு ஒரு பையன் குனிந்திருந்தான். நண்பன் எமர்ஜென்சி பொத்தானை அடித்தான். கை நின்றபோது பையனின் தோளுக்கும் அதற்கும் ஒரு முழம் இருந்தது. அவன் நிமிர்ந்து பார்த்துவிட்டு, "ஓடுதுங்களா அண்ணா?" என்று சந்தோஷமாகக் கேட்டான்.

தப்பு என்னுடையது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் இரவில் கையேட்டை மறுபடி எடுத்து, நான் எதைப் படிக்கத் தவறினேன் என்று தேடினேன். டெட்மேன் சுவிட்ச் ஒரு அத்தியாயத்தில் இருக்கிறது. வேலி இன்னொன்றில். ஆட்டோ முறை மூன்றாவது ஒன்றில். மூன்றையும் சேர்த்து ஒரே ஒரு வாக்கியம் எங்கும் இல்லை. அந்த வாக்கியம் இதுதான்: டீச் முறையில் ஆளைக் காப்பது உன் கையில் இருக்கும் சுவிட்ச், ஆட்டோ முறையில் அந்தச் சுவிட்சுக்கு வேலை இல்லை, ஆளைக் காப்பது வேலி மட்டும்தான். ஆகவே வேலியின் ஜம்பரைப் போட்டுக்கொண்டு சாவியை ஆட்டோவுக்குத் திருப்பினால், யாரும் எதையும் பிடித்துக்கொண்டிருக்கவில்லை.

இது ரகசியம் இல்லை. துறையில் இருப்பவர்களுக்கு முதல் வாரத்திலேயே தெரிந்திருக்கும். கிழக்கே இன்னார் தோட்டம், அவ்வளவுதான்.

விலை தெரியாத விஷயமும் இல்லை. 1979 ஜனவரி 25 அன்று அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தின் ஃபிளாட் ராக்கில், ஃபோர்டு வார்ப்பாலையில், பாகங்களை எடுத்துக் கொடுக்கும் இயந்திரக் கை தாக்கி ஒரு தொழிலாளி இறந்தார். 1981-இல் ஜப்பானின் அகாஷியில் ஒரு பராமரிப்பு ஊழியர் இறந்தார். வேலிக் கதவைத் திறந்திருந்தால் ரோபாட் நின்றிருக்கும், அவர் வேலியைத் தாண்டி உள்ளே போனார் என்று செய்திகள் சொல்லின. வேலி ஏன் இருக்கிறது என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். ஆனால் கையேட்டில் வேலி என்பது ஒரு டெர்மினல் எண்.

எழுத்து நடை பற்றி

விமர்சனம் என்று ஆரம்பித்ததால் நடையைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்தக் கையேடுகளில் யாரும் எதையும் செய்வதில்லை. எல்லாம் செய்யப்படுகிறது. "இணைக்கப்பட வேண்டும்", "சரிபார்க்கப்பட வேண்டும்", "உறுதிசெய்யப்பட வேண்டும்". யார்? விற்றவரா, பொருத்தியவரா, வாங்கியவரா, பொத்தானை அழுத்தும் நானா? வாக்கியத்தில் ஆளே இல்லை. ஆள் இல்லாத வாக்கியத்தைப் படிக்கிறவர், வேறு யாரோ ஏற்கெனவே செய்திருப்பார்கள் என்றே எடுத்துக்கொள்வார்.

அடுத்தது எச்சரிக்கைக் கட்டங்கள். அபாயம், எச்சரிக்கை, கவனம் என்று மூன்று தரம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் பக்கத்துக்கு இரண்டு கட்டம் வந்தால், ஐம்பதாவது பக்கத்தில் கண் தானாகத் தாண்டிப் போகப் பழகிவிடுகிறது. திரையைத் துணியால் துடைக்கச் சொல்வதும் கட்டத்துக்குள், உயிர் போகும் விஷயமும் கட்டத்துக்குள். ஊரில் எல்லா வீட்டு நாயும் ராத்திரி முழுக்கக் குரைத்தால் திருடன் வந்தது எப்படித் தெரியும்?

அவர்கள் பக்கத்து நியாயம்

ஒரு மறுப்பு வரும். ரோபாட் தயாரிப்பவர் வேலி கட்டுபவர் இல்லை. ஐஎஸ்ஓ 10218 என்ற ரோபாட் பாதுகாப்புத் தரவிதியே இரண்டு பாகமாக இருக்கிறது. முதல் பாகம் ரோபாட்டைத் தயாரிப்பவருக்கு. இரண்டாவது, அதை ஒரு இடத்தில் மற்ற இயந்திரங்களோடு பொருத்திக் கொடுப்பவருக்கு. எந்த இடத்தில் எப்படிப் பொருத்துவார்கள் என்று தெரியாமல் தயாரிப்பவர் எப்படி எழுத முடியும்? தெரிந்தது போல எழுதி யாருக்காவது அடிபட்டால் வழக்கு யார் மேல் வரும்?

நியாயமான மறுப்புதான். முதல் விற்பனையில் இந்தப் பிரிவினை வேலை செய்கிறது. தயாரிப்பவர், பொருத்துபவர், ஓட்டுபவர் என்று மூன்று பேர் இருக்கிறார்கள், மூன்று பேருக்கும் பயிற்சி இருக்கிறது. கையேடு அவர்களுக்கு இடையே போகும் கடிதம். ஆனால் இரண்டாவது விற்பனையில் நடுவில் இருப்பவர் காணாமல் போகிறார். எங்கள் பட்டறையில் பொருத்துபவர் யார்? என் நண்பன். அந்தப் பொறுப்பு தன் தலையில் வந்து உட்கார்ந்திருக்கிறது என்று அவனுக்குத் தெரியாது. சொல்ல வேண்டிய புத்தகம் சொல்லவில்லை.

நான் கேட்பது உத்தரவாதம் இல்லை. "இந்த வேலி உங்களுக்குப் போதும்" என்று அவர்கள் எழுத வேண்டாம். ஏன் இரண்டு சங்கிலி, ஆட்டோவில் ஏன் வேலி மட்டும், ஏன் பேட்டரியை ஆன் நிலையில் மாற்ற வேண்டும், இந்த மூன்று "ஏன்" போதும். கெப்பாசிட்டர் விஷயத்தில் எழுதியது போல. இந்தக் கைகள் சரியாகப் பராமரித்தால் பல வருடம் உழைக்கும். முதல் ஆலை லைனை மாற்றும்போது கை இன்னும் நல்ல நிலையில்தான் இருக்கும். அப்படியானால் இரண்டாவது உரிமையாளர் தற்செயலாக வருகிறவர் இல்லை. வந்தே தீருவார்.

இரண்டாவது வாசகர்கள் எழுதிய புத்தகம்

இதற்கு ஒரு நல்ல முன்னுதாரணம் உண்டு. யூனிமேஷன் நிறுவனத்தின் பூமா 560. 1970களின் கடைசியில் வந்த ரோபாட், உலகம் முழுக்கப் பல்கலைக்கழக ஆய்வகங்களில் இடம்பிடித்தது. அதன் கன்ட்ரோலரில் ஒரு எல்எஸ்ஐ-11 கணினி, அதற்குக் கீழே மூட்டுக்கு ஒன்றாக ஆறு 6503 மைக்ரோபிராசசர்கள். மேலே இருக்கும் கணினி 28 மில்லிநொடிக்கு ஒரு முறை அடுத்து போக வேண்டிய இடத்தைச் சொல்லும். கீழே இருப்பவை அதை 32 சிறு அடிகளாகப் பிரித்து, 0.875 மில்லிநொடிக்கு ஒரு அடி வைக்கும்.

நிறுவனம் கைமாறியது. முதலில் வெஸ்டிங்ஹவுஸ், பிறகு ஸ்டாப்லி. கன்ட்ரோலர்கள் பழசாயின. ஆனால் கை கெடவில்லை. ஆய்வாளர்கள் என்ன செய்தார்கள்? 1986-இல் ஆம்ஸ்ட்ராங், கதீப், பர்டிக் மூவரும் ஒரு பூமாவைக் கழற்றி, ஒவ்வொரு பாகத்தின் நிறை முதலியவற்றையும் அளந்து வெளியிட்டார்கள். ஆஸ்திரேலியாவின் சிஎஸ்ஐஆர்ஓவில் இருந்த பீட்டர் கார்க், பூமாவின் சர்வோ அமைப்பு எப்படி வேலை செய்கிறது என்று ஒரு தனி அறிக்கையே எழுதினார். 1994-இல் அவரும் ஆம்ஸ்ட்ராங்கும் சேர்ந்து, பலரும் வெளியிட்ட பூமா எண்களை ஒப்பிட்டு, எங்கே ஒத்துப்போகிறது, எங்கே முரண்படுகிறது என்று பார்த்தார்கள். சுவடிகளை ஒப்பிட்டுப் பாடபேதம் பார்க்கிற வேலைக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

இந்த எழுத்துகளின் பலம் ஒன்றுதான். எழுதியவர்களும் வெளியாட்கள். அவர்களுக்கும் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அதனால் எந்த இடத்தில் படிப்பவர் தடுக்குவார் என்று தெரிந்து எழுதினார்கள். குறையும் இருக்கிறது. இந்த எழுத்துகள் கையை எப்படி நகர்த்துவது என்பதைப் பற்றியவை, எப்படி நிறுத்துவது என்பதைப் பற்றியவை இல்லை. ஆய்வாளருக்கு நகர்வில்தான் ஆர்வம். பட்டறைக்கு இரண்டும் வேண்டும்.

கதவுக்குள் ஒட்டிய தாள்

அடுத்த வாரமே எலக்ட்ரீஷியன் அண்ணன் இரண்டு ஜம்பரையும் பிடுங்கி எடுத்தார். ஆங்கிளும் கம்பிவலையும் வைத்து வேலி கட்டினோம், ஆள் உயரத்துக்கு மேல். கதவுக்கு இரட்டைத் தொடர்பு உள்ள சுவிட்ச், இரண்டு தனித்தனி ஒயர். பழைய நிரல்களையெல்லாம் நகல் எடுத்துவிட்டு அழித்தோம். ஆட்டோ சாவி நண்பனின் இடுப்புச் சாவிக்கொத்தில். கை இப்போது காஸ்டிங்கை எடுத்து வைக்கிறது, மெதுவாக.

கன்ட்ரோலர் கதவின் உள்பக்கம் இரண்டு பக்கத் தாள் ஒன்றைத் தமிழில் எழுதி, பிளாஸ்டிக் உறையில் போட்டு ஒட்டியிருக்கிறேன். டெர்மினல் எண்கள், பேட்டரி மாற்றிய தேதி, மாஸ்டரிங் எண்கள், ஒவ்வொன்றுக்கும் கீழே ஏன் என்று ஒரு வரி. கிணற்றுக் கயிறும் அதில் இருக்கிறது, அண்ணன் சொன்ன மாதிரியே. எழுதி முடித்து முதலில் அந்தப் பையனிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். ரிலே என்ற இடத்தில் நிறுத்தி, "இது என்னங்கண்ணா?" என்றான். அந்த வரியைத் திருத்தி எழுதினேன்.

தாளின் முதல் வரி: "உங்களுக்கு முன்னால் இந்த இயந்திரம் எங்களிடம் இருந்தது. ஒயரை வெட்டுவதற்கு முன்னால் இதைப் படியுங்கள்."